ஷேர்பாயின்ட் சர்வர் மீது தாக்குதல்: 2016-க்கு இன்னும் பேட்ச் வரவில்லை, இப்போது என்ன செய்வது?

கொங்குத்தம்பி
20 ஜூலை 2025, காலை 8.40

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசரமாக எழுத வேண்டியிருக்கிறது.

கோயம்புத்தூரில் பம்பு பாகங்கள் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை எங்களுடையது. ஆவணங்களை வைத்துப் பகிர மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் 2016. இரண்டு வெப் சர்வர், பின்னால் ஒரு எஸ்க்யூஎல் சர்வர், எல்லாம் எங்கள் கட்டடத்திலேயே இருக்கின்றன. வெளியூர் சப்ளையர்கள் டிராயிங் எடுக்கவும் தரச் சான்றிதழ் ஏற்றவும் இன்டர்நெட் வழியாக நேராக அதே சைட்டுக்குள் வருவார்கள்.

மைக்ரோசாஃப்ட் அறிவிப்பைக் காலையில்தான் பார்த்தேன். ஓட்டையின் எண் சிவிஇ-2025-53770, தீவிர மதிப்பெண் 9.8. லாகின் ஏதும் இல்லாமலேயே சர்வரில் எதையும் ஓட்டிவிடலாம் என்று போட்டிருக்கிறது. ஜூலை 8-ல் வந்த பேட்சை (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) நாங்கள் போட்டாயிற்று. அது இதற்குப் போதாது என்கிறார்கள். புது பேட்ச் இன்னும் வரவில்லை. நாளைக் காலை ஷிஃப்ட் ஆரம்பித்ததும் சப்ளையர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். எதை முதலில் செய்ய, எதை அப்புறம் செய்ய என்று யாராவது சொன்னால் நன்றாயிருக்குங்க.

தாமிரபரணி
20 ஜூலை, காலை 9.05

தம்பி, முதலில் ஃபயர்வாலில் அந்த சைட்டுக்கு வெளியிலிருந்து வரும் 443-ஐ (வெப் இணைப்பு வரும் போர்ட்) மூடிவிட்டு வாருங்கள். அப்படியே அந்த சர்வர்களிலிருந்து வெளியே போகும் இணைப்புகளையும் நிறுத்துங்கள். சர்வரை ஷட்டவுன் செய்ய வேண்டாம், ரீஸ்டார்ட்டும் வேண்டாம். மெமரியில் ஏதாவது இருந்தால் அதுதான் நமக்குக் கிடைக்கப்போகும் சாட்சி.

முடித்ததும் இங்கே சொல்லுங்கள். மற்றதை அதன்பின் பார்க்கலாம்.

கேபிள்காரன்
20 ஜூலை, காலை 9.20

அக்கா சொல்வது சரிதான், ஆனால் ஒரு கேள்வி. முழுசாக மூடாமல், சர்வருக்கு முன்னால் நிற்கும் ரிவர்ஸ் ப்ராக்ஸியில் ஒரு ரூல் போட்டு ஷேர்பாயின்டின் டூல்பேன் பக்கத்துக்கு வரும் போஸ்ட் கோரிக்கையை மட்டும் தடுத்தால் ஆகாதா? சைன்அவுட் பக்கத்தை ரெஃபரராக (எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்ற குறிப்பு) காட்டித்தான் உள்ளே வருகிறார்களாம். அந்த ரெஃபரரையே தடுத்துவிடலாமே. உற்பத்தி நிற்காமல் இருக்கும்.

தாமிரபரணி
20 ஜூலை, காலை 9.45

அந்த ரூலைப் போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பி சைட்டைத் திறந்து வைக்கக் கூடாது. ஏன் என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

மே மாதம் பெர்லினில் நடந்த போன்டுஓன் ஹேக்கிங் போட்டியில் வியட்டெல் சைபர் செக்யூரிட்டியைச் சேர்ந்த வியட்நாமிய ஆய்வாளர் ஒருவர் இரண்டு ஓட்டைகளைக் கோத்து ஷேர்பாயின்டை வீழ்த்திக் காட்டினார். பரிசு ஒரு லட்சம் டாலர். முதல் ஓட்டை லாகினைத் தாண்டுவது, இரண்டாவது சர்வரில் தன் நிரலை ஓட்டுவது. அவற்றுக்குத்தான் 49706, 49704 என்று எண் கொடுத்து ஜூலை 8-ல் பேட்ச் விட்டார்கள். ஜூலை 14-ல் ஜெர்மனியின் கோட் ஒயிட் குழு அந்தத் தாக்குதலைத் தாங்களும் செய்து பார்த்துவிட்டதாகப் படத்தோடு போட்டது. 18-ஆம் தேதி மாலை நெதர்லாந்தின் ஐ செக்யூரிட்டி நிறுவனம் தன் வாடிக்கையாளர் சர்வர் ஒன்றில் அதே பாணித் தாக்குதலைப் பார்த்தது. உலகம் முழுக்க எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சர்வர்களை அவர்கள் சோதித்ததில் பல சர்வர்கள் ஏற்கனவே கைமாறியிருந்தன.

பேட்ச் வந்தும் இது எப்படி நடந்தது? லாகின் சோதனையைத் திருத்தியவர்கள் கோரிக்கையில் வரும் பக்கத்தின் பாதையைப் பார்த்து முடிவெடுக்கும்படி எழுதினார்கள். பாதையைச் சற்றே மாற்றி அனுப்பினால் அந்தச் சோதனை ஏமாந்துவிடுகிறது. தயாரித்தவர்களே எழுதிய தடுப்பை ஒரு வாரத்தில் சுற்றிப் போய்விட்டார்கள். நாம் ப்ராக்ஸியில் எழுதும் ரூல் எத்தனை நாள் தாங்கும்?

வைகைக்கரை
20 ஜூலை, காலை 10.30

நான் டாட்நெட் டெவலப்பர். 'பேட்ச் வந்ததும் போட்டால் முடிந்தது' என்று நிறையப் பேர் நினைப்பார்கள் என்பதால், உள்ளே நடப்பது என்ன என்று கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் எடுக்கும் எந்த நடவடிக்கையும் பாதியில் நிற்கும்.

ஏஎஸ்பி டாட்நெட் பக்கம் ஒவ்வொன்றிலும் வியூஸ்டேட் என்று ஒரு மறைவான துண்டு இருக்கும். பக்கத்தின் நிலையைச் சுருட்டி பிரவுசருக்கு அனுப்பி, அடுத்த கிளிக்கில் திரும்ப வாங்கிக்கொள்வது சர்வரின் வழக்கம். அது பிரவுசர் கையில் இருக்கும் பொருள் என்பதால் இடையில் யாராவது மாற்றிவிடலாம். அதைத் தடுக்க சர்வர் தன்னிடம் இருக்கும் ஒரு ரகசிய எண்ணால் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பும். அந்த எண்தான் மெஷின் கீயில் இருக்கும் வேலிடேஷன் கீ. திரும்பி வரும்போது கையெழுத்து சரியாக இருந்தால், உள்ளே இருப்பதைப் பிரித்து ஆப்ஜெக்டுகளாக மாற்றும். மாற்றும்போதே நிரல் ஓட வைக்கும் தந்திரங்கள் பல வருடங்களாகவே தெரிந்தவை, இலவசக் கருவிகளே இருக்கின்றன. வேலிடேஷன் கீ மட்டும் தெரிந்துவிட்டால் எவனும் தன் விருப்பப்படி ஒரு வியூஸ்டேட் செய்து, முறையான கையெழுத்தோடு அனுப்பலாம். சர்வர் அதைத் தன்னுடையது என்றே நம்பும்.

இப்போது இந்தக் கும்பல் செய்வதைப் பாருங்கள். ஓட்டை வழியாக நுழைந்து 'ஸ்பின்ஸ்டால்0' என்ற பெயரில் ஒரு சின்ன ஏஎஸ்பிஎக்ஸ் ஃபைலை லேஅவுட்ஸ் ஃபோல்டரில் வைக்கிறார்கள். வழக்கமான வெப்ஷெல் மாதிரி அது கட்டளை எதையும் வாங்குவதில்லை. மெஷின் கீயைப் படித்துத் திரையில் எழுதிக் காட்டுவதுதான் அதன் ஒரே வேலை. ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும், கீ அவர்கள் கைக்குப் போய்விடும். வந்தவன் அன்றைக்கே எதையும் திருடவில்லை, சாவியை மெழுகில் பதித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நாம் எந்த பேட்சைப் போட்டாலும் அந்தக் கீ செல்லும். ஃபைலை அழித்தாலும் செல்லும்.

ஆகவே பேட்ச் எவ்வளவு அவசியமோ அதே அளவு அவசியம் மெஷின் கீயை மாற்றுவது.

கொங்குத்தம்பி
20 ஜூலை, காலை 11.15

443-ஐ மூடிவிட்டேன்ங்க, வெளியே போவதையும் நிறுத்தியாயிற்று. எம்டிக்கு போன் போட்டுச் சொன்னேன். 'எத்தனை மணிக்கு திரும்பத் திறப்பீங்க' என்றுதான் முதல் கேள்வி. வைகைக்கரை எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சப்ளையர்களுக்கு நாளைக்கு டிராயிங்கை மெயிலில் அனுப்பச் சொல்லிவிட்டார்.

இப்போது லாக் பார்க்கப் போகிறேன். எதைத் தேட வேண்டும்?

தாமிரபரணி
20 ஜூலை, காலை 11.30

நல்ல காரியம். எம்டியிடம் நேராகச் சொன்னதுதான் பாதி வேலை.

முதலில் லாக் முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துவிட்டு அந்தக் காப்பியில் தேடுங்கள். இரண்டு வெப் சர்வரிலும் பார்க்க வேண்டும். லோட் பேலன்சர் எந்தக் கோரிக்கையை எதற்கு அனுப்பியது என்று நமக்குத் தெரியாது.

ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) லாகில் நேரம் யூடிசியில் இருக்கும் என்பது நினைவிருக்கட்டும். ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பாருங்கள். 18-ஆம் தேதி மாலை ஆறு என்று லாகில் இருந்தால் அது நமக்கு இரவு பதினொன்றரை. வெள்ளி இரவு நம் ஊரில் யாரும் கணினிப் பக்கம் இருக்க மாட்டார்கள்.

டூல்பேன் பக்கத்துக்கு வந்த போஸ்ட் கோரிக்கைகளைத் தேடுங்கள், முக்கியமாக ரெஃபரர் சைன்அவுட் பக்கமாக இருப்பவற்றை. சைன்அவுட் செய்தவன் அடுத்த நொடியில் பக்கத்தை எடிட் செய்ய வருவது இயல்பில் நடக்காத காரியம். பிறகு ஸ்பின்ஸ்டால் என்று தொடங்கும் எந்தப் பக்கத்தையாவது யாராவது கேட்டிருக்கிறார்களா, அதற்கு 200 (கேட்டது கிடைத்தது) என்று பதில் போயிருக்கிறதா என்று பாருங்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம், மாற்றி வைப்பது ஒரு நொடி வேலை. லேஅவுட்ஸ் ஃபோல்டரில் இந்த மாதம் உருவான ஏஎஸ்பிஎக்ஸ், ஜேஎஸ் ஃபைல் எல்லாவற்றையும் தேதி வாரியாக எடுங்கள். அடுத்தது ப்ராசஸ். ஐஐஎஸ்ஸின் டபிள்யூ3டபிள்யூபி ப்ராசஸ் சிஎம்டியையோ பவர்ஷெல்லையோ தொடங்கியிருந்தால், அதிலும் என்கோட் செய்த கட்டளையோடு தொடங்கியிருந்தால், அதற்கு நல்ல காரணம் இருக்க வாய்ப்பே இல்லை. அப்ளிகேஷன் ஈவென்ட் லாகில் 1316 என்ற எண்ணையும் பாருங்கள். வியூஸ்டேட் பரிசோதனை தோற்றால் அங்கே பதிவாகும்.

ப்ராக்ஸிக்குப் பின்னால் சர்வர் இருந்தால் ஐஐஎஸ் லாகில் எல்லா ஐபியும் ப்ராக்ஸியுடையதாகவே இருக்கும். அப்போது ப்ராக்ஸி லாகையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் தெரியும்.

வடமராட்சி
20 ஜூலை, பிற்பகல் 12.10

நான் கொழும்பில ஒரு நிதி நிறுவனத்தில வேலை செய்யிறன். எங்கட ஷேர்பாயின்ட் 2019. இன்டர்நெட்டுக்குத் திறந்திருக்கேல்ல, விபிஎன் வழியாத்தான் வரலாம். மேலிடம் 'எங்களுக்கு இது பாதிப்பில்லைத்தானே' எண்டு கேக்கினம். என்ன பதில் சொல்லுறது?

தாமிரபரணி
20 ஜூலை, பிற்பகல் 12.25

பாதிப்பில்லை என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அவசரம் ஒரு படி குறைவு, அவ்வளவுதான். உங்கள் ஊழியர் ஒருவரின் லேப்டாப் ஃபிஷிங் மெயிலில் மாட்டினால் தாக்குபவன் விபிஎன்னுக்கு உள்ளே இருப்பான், லாகின் தேவைப்படாத ஓட்டை ஒன்று அவனுக்குத் தயாராக இருக்கும். ஏஎம்எஸ்ஐ இன்டெக்ரேஷன் (வரும் கோரிக்கையை ஆன்டிவைரஸிடம் காட்டிச் சோதிக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 2016, 2019 இரண்டிலும் 2023 செப்டம்பர் பேட்சிலிருந்து அது தானாகவே ஆன் ஆக வேண்டும். அதற்கு முந்தைய பேட்சில் நின்றுவிட்ட சர்வர்களிலும், வேகம் குறைகிறது என்று யாராவது அணைத்துவிட்ட சர்வர்களிலும் இருக்காது. பேட்ச் வந்த அன்றே போடுங்கள், கீயையும் மாற்றுங்கள்.

கொங்குத்தம்பி
20 ஜூலை, பிற்பகல் 2.50

அக்கா, இருக்குங்க.

இரண்டாவது வெப் சர்வரில் 18-ஆம் தேதி நம் நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன்னால் டூல்பேனுக்கு ஒரு போஸ்ட், ரெஃபரர் சைன்அவுட். அடுத்த சில நொடிகளில் ஸ்பின்ஸ்டால்0-க்கு ஒரு கெட், பதில் 200. ஃபைலும் லேஅவுட்ஸ் ஃபோல்டரில் அப்படியே இருக்கிறது. முதல் சர்வரில் ஒன்றும் இல்லை.

கை நடுங்குகிறது. அழித்துவிடட்டுமா?

தாமிரபரணி
20 ஜூலை, பிற்பகல் 2.58

அழிக்காதீர்கள். வெளி இணைப்பு மூடியிருப்பதால் இப்போதைக்கு அந்த ஃபைலால் புதிதாக ஒன்றும் ஆகாது. மூச்சு விட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், நாங்கள் இருக்கிறோம்.

விஎம் என்றால் மெமரியோடு சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுங்கள், இரண்டு வெப் சர்வருக்கும். நேரடி இயந்திரம் என்றால் மெமரி டம்ப் எடுத்த பிறகு டிஸ்க் இமேஜ். இன்னின்ன நேரத்தில் இதைப் பார்த்தேன், இதைச் செய்தேன் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

அடுத்தது சட்டப்படியான கடமை. 2022 ஏப்ரல் 28-ல் வந்த செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) ஆணைப்படி இப்படி ஒரு ஊடுருவலைக் கவனித்ததிலிருந்து 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் 2.50-க்கு எழுதினீர்கள். விசாரணை முடியவில்லை என்று காத்திருக்க வேண்டாம், தெரிந்த அளவு எழுதி அனுப்புங்கள், மீதியைப் பிறகு சேர்க்கலாம். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே ஆணையில் இருக்கிறது. ஐஐஎஸ் லாகைத் தானாக அழிக்கும் ஸ்கிரிப்ட் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள்.

எம்டியிடம் இன்று மாலைக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது.

கேபிள்காரன்
20 ஜூலை, மாலை 4.15

17-ஆம் தேதி இரவு எடுத்த விஎம் பேக்கப் இருக்குமே தம்பி. அதை ரீஸ்டோர் செய்தால் ஊடுருவலுக்கு முந்தைய சுத்தமான சர்வர் கிடைத்துவிடும். ஏன் இத்தனை பாடு?

வைகைக்கரை
20 ஜூலை, மாலை 4.40

இதுதான் எல்லாரும் விழக்கூடிய இடம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். 17-ஆம் தேதி சர்வரின் வெப்.கான்ஃபிக்கில் இருந்த மெஷின் கீயும் 18-ஆம் தேதி திருடப்பட்ட கீயும் ஒன்றேதான். பேக்கப்பை ரீஸ்டோர் செய்தால் வெப்ஷெல் போய்விடும், திருடிய கீ பழையபடி செல்லுபடியாகும். அதோடு ஜூலை 17-ன் ஓட்டையும் திரும்ப வந்துவிடும். ரீஸ்டோர் செய்த சர்வர் ஸ்கேனில் சுத்தமாகத் தெரியும், ஆன்டிவைரஸ் ஒன்றும் சொல்லாது, எல்லாரும் நிம்மதியாக வெளியே திறந்துவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து ஒருவன் முறையான கையெழுத்தோடு வருவான். அவனை எந்த லாகிலும் இப்போது தேடுகிற அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. தம்பியின் முதல் வெப் சர்வரில் ஒரு தடயமும் இல்லை என்பதில் ஆறுதல் எதுவும் இல்லை. ஒரே வெப் அப்ளிகேஷனுக்கு ஃபார்மில் (சேர்ந்து ஓடும் ஷேர்பாயின்ட் சர்வர்களின் தொகுப்பு) உள்ள எல்லா வெப் சர்வரிலும் ஒரே கீதான் இருக்கும். ஒன்றில் திருடியது எல்லாவற்றிலும் செல்லும். டிஆர் தளத்தில் (பேரிடர் வந்தால் உதவும் மாற்றுத் தளம்) நகல் வைத்திருப்பவர்கள் அங்கேயும் இதே கதை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வடமராட்சி
20 ஜூலை, மாலை 5.05

டிஆர் பற்றி யோசிக்கவே இல்லை. கண்டியில எங்கட இரண்டாவது தளம் இருக்கு, அதே கான்ஃபிக் தான். நன்றி அண்ணை.

தாமிரபரணி
21 ஜூலை, காலை 7.20

சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கும் 2019-க்கும் பேட்ச் வந்துவிட்டது. 2016-க்கு இன்னும் இல்லை. பழைய பேட்சின் குறையைச் சரிசெய்து 53770, 53771 என்று புது எண்களுக்கு வந்தவை இவை. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, தாக்குதலில் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் இதைச் சேர்த்து, அரசு அலுவலகங்களுக்கு ஒரே நாள் கெடு கொடுத்திருக்கிறது. வழக்கமாக வாரக் கணக்கில் அவகாசம் தருகிறவர்கள்.

வடமராட்சி, 2019-ல் மொழிப் பேக்குக்கான அப்டேட் தனி ஃபைலாக வருகிறது. இரண்டையும் போட வேண்டும். போட்டதும் எல்லா சர்வரிலும் ப்ராடக்ட்ஸ் கான்ஃபிகரேஷன் விசார்டை ஓட்டுங்கள். அப்டேட்டை மட்டும் நிறுவிவிட்டு விசார்டை மறந்துவிடுவது ஷேர்பாயின்ட் ஃபார்ம்களில் அடிக்கடி நடப்பது. பைனரி மாறியிருக்கும், ஃபார்மின் அமைப்புகள் மாறியிருக்காது. ஜூலை 8 அப்டேட்டில் 49704-க்கான திருத்தம் முழுசாக ஏறுவதற்கே விசார்ட் ஓடியிருக்க வேண்டும்.

வடமராட்சி
21 ஜூலை, இரவு 9.40

பேட்ச், மொழிப் பேக், விசார்ட் மூண்டும் முடிஞ்சுது. லாகில ஒண்டும் இல்லை. கீ எப்பிடி மாத்துறது எண்டு ஒருக்கா சொல்லுவீங்களோ?

வைகைக்கரை
21 ஜூலை, இரவு 10.15

சென்ட்ரல் அட்மினிஸ்ட்ரேஷனில் மானிட்டரிங் போய், ஜாப் டெஃபினிஷன் பட்டியலில் 'மெஷின் கீ ரொட்டேஷன் ஜாப்' என்பதைத் தேடி ரன் நவ் கொடுங்கள். பவர்ஷெல் பழகியவர் என்றால் செட்-எஸ்பிமெஷின்கீ கட்டளையால் புதுக் கீயை உருவாக்கி, அப்டேட்-எஸ்பிமெஷின்கீ கட்டளையால் எல்லா சர்வருக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு வெப் அப்ளிகேஷனுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். முடிந்ததும் ஃபார்மின் ஒவ்வொரு சர்வரிலும் ஐஐஎஸ்ரீசெட். அதைச் செய்யும்வரை ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் பழைய கீயையே பிடித்துக்கொண்டிருக்கும்.

பேட்சுக்கு முன்பே ஒருமுறை மாற்றியவர்கள் பேட்சுக்குப் பின் மறுபடியும் மாற்றுங்கள். நடுவில் திறந்திருந்த நேரத்தில் புதுக் கீயையும் எடுத்திருக்கலாம்.

வெப்.கான்ஃபிக்கைத் திறந்து கீ உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஜாப் 'வெற்றி' என்று சொல்வதை மட்டும் வைத்து ஓகே போட வேண்டாம்.

சோழமண்டலம்
22 ஜூலை, காலை 10.00

இத்தனை அல்லல் எதற்கு? ஷேர்பாயின்ட் ஆன்லைனுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. ஐந்து வருடம் முன்னாலேயே கிளவுடுக்குப் போயிருக்க வேண்டும். சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் இந்த மாதிரி வருடா வருடம் ஓட வேண்டியதுதான். 2019-ல் ஷேர்பாயின்ட், 2021-ல் எக்ஸ்சேஞ்ச், நடுவில் கான்ஃப்ளூயன்ஸ் எத்தனை முறை.

கொங்குத்தம்பி
22 ஜூலை, காலை 10.50

அண்ணே, நீங்கள் சொல்வதில் உண்மை இருக்குங்க. ஆனால் எங்களுக்கு டிராயிங் கொடுக்கும் வாடிக்கையாளர் ஒருவர், தன் டிராயிங் எங்கள் வளாகத்தை விட்டு வெளியே இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார். நாங்கள் விரும்பி மட்டும் சர்வர் வைத்திருக்கவில்லை. இன்றைக்கு வேண்டியது இன்றைக்குள்ள சர்வரை எப்படிக் காப்பாற்றுவது என்பது.

2016 பேட்ச் வந்துவிட்டது. பார்த்தீர்களா அக்கா?

தாமிரபரணி
22 ஜூலை, முற்பகல் 11.30

பார்த்தேன். உங்கள் விஷயத்தில் பேட்ச் போட்டு அதே சர்வர்களைத் திறக்க நான் சம்மதிக்க மாட்டேன். கீ வெளியே போனதிலிருந்து நீங்கள் இணைப்பை மூடும்வரை ஒரு நாளுக்கும் மேல் இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் ஃபைல் எதுவும் வைக்காமல், வியூஸ்டேட் வழியாக மெமரியிலேயே வேலை செய்துவிட்டுப் போயிருக்கலாம். வெப் சர்வர்கள் இரண்டையும் புதிதாகக் கட்டுங்கள். விண்டோஸிலிருந்து தொடங்கி, பேட்ச் ஏற்றி, புது ஃபார்ம் அமைத்து, பழைய கன்டென்ட் டேட்டாபேஸை அதில் மவுன்ட் செய்யுங்கள். ஆவணங்கள் எல்லாம் டேட்டாபேஸில் இருப்பதால் எதுவும் போகாது. பழைய வெப்.கான்ஃபிக்கைக் காப்பி செய்து புது சர்வரில் போட்டுவிட வேண்டாம், திருடிய கீ அதோடு வந்துவிடும். ஏதாவது தனி அமைப்பு வேண்டும் என்றால் அந்த வரியை மட்டும் பார்த்துக் கையால் எழுதுங்கள்.

ஷேர்பாயின்ட் ஓடும் சர்வீஸ் அக்கவுன்ட்டுகள் அத்தனைக்கும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அவற்றில் ஏதாவது டொமைன் அட்மின் குழுவில் இருக்கிறதா? நிறுவியபோது வசதிக்காகச் சேர்த்துவிட்டு எடுக்காமல் விட்ட ஃபார்ம் அக்கவுன்ட்டை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இருந்தால் சொல்லுங்கள், வேலை இன்னும் பெரிது. எஸ்க்யூஎல் இணைப்புப் பாஸ்வேர்டு, செக்யூர் ஸ்டோரில் வைத்த பாஸ்வேர்டுகள், இவையும் போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

கொங்குத்தம்பி
22 ஜூலை, பிற்பகல் 1.05

டொமைன் அட்மினில் இல்லைங்க, பார்த்துவிட்டேன். ஆனால் இரண்டு வெப் சர்வரிலும் லோக்கல் அட்மின், எஸ்க்யூஎல்லில் சிஸ்அட்மின். எஸ்க்யூஎல் சர்வரையும் சோதிக்கப் போகிறேன்.

தாமிரபரணி
22 ஜூலை, இரவு 10.30

மைக்ரோசாஃப்ட் இன்று மாலை விரிவான அறிக்கை வெளியிட்டிருக்கிறது. லினன் டைஃபூன், வயலட் டைஃபூன் என்ற இரண்டு சீன அரசு சார்ந்த குழுக்களும், ஸ்டார்ம்-2603 என்று அவர்கள் பெயரிட்ட இன்னொரு சீனக் குழுவும் இதில் இருக்கின்றன. முயற்சிகள் ஜூலை 7-லேயே தொடங்கியிருக்கின்றன, அதாவது முதல் பேட்சுக்கும் ஒரு நாள் முன்பே. அதனால் 18-லிருந்து மட்டும் லாக் பார்த்தவர்கள் 7-லிருந்து திரும்பப் பாருங்கள். தம்பி, வடமராட்சி, இருவருமே.

தாமிரபரணி
24 ஜூலை, காலை 8.15

நேற்றிரவு அந்த அறிக்கையில் சேர்த்தது: ஸ்டார்ம்-2603 இதே வழியாக நுழைந்து, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வார்லாக் ரான்சம்வேரை வைக்கிறது. உள்ளே வந்ததும் விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை ரிஜிஸ்ட்ரி வழியாக முடக்குகிறது, ஷெட்யூல்டு டாஸ்க் வைக்கிறது, மெமரியிலிருந்து பாஸ்வேர்டுகளை உருவுகிறது, கடைசியில் குரூப் பாலிசி மூலமாக எல்லா கணினிக்கும் ரான்சம்வேரைப் பரப்புகிறது. தம்பி, உங்கள் டொமைன் கன்ட்ரோலரில் இந்த மாதம் மாறிய குரூப் பாலிசிகளையும், மூன்று சர்வரிலும் புதிதாக வந்த ஷெட்யூல்டு டாஸ்க்குகளையும் பாருங்கள். பேக்கப்பின் ஒரு நகல் நெட்வொர்க்கைத் தொடாமல் இருக்கட்டும். ஐ செக்யூரிட்டியின் புதுக் கணக்குப்படி ஊடுருவப்பட்டவை நானூறைத் தாண்டிவிட்டன. அமெரிக்க அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் என்என்எஸ்ஏ-வும் தாக்கப்பட்டவர்களில் ஒன்று என்று அந்நாட்டு எரிசக்தித் துறை சொல்லியிருக்கிறது. கோயம்புத்தூர்த் தொழிற்சாலையும் அதுவும் ஒரே வலையில் சிக்குகின்றன. நம்மை யார் தேடி வரப்போகிறார்கள் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். இன்டர்நெட்டில் தெரியும் எல்லா முகவரியையும் தட்டிப் பார்ப்பவனுக்கு நாம் யார் என்று தெரிய வேண்டியதில்லை.

கேபிள்காரன்
24 ஜூலை, காலை 9.00

என் வாடிக்கையாளர் ஒருவரிடம் ஷேர்பாயின்ட் 2013 ஓடுகிறது. பேட்ச் வருமா?

தாமிரபரணி
24 ஜூலை, காலை 9.10

வராது. 2013-க்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. இன்டர்நெட்டிலிருந்து இன்றே துண்டியுங்கள், திரும்ப இணைக்க வேண்டாம். ஆவணங்களை வேறு இடத்துக்கு மாற்றும்வரை உள்ளேயும் தேவையான ஆட்களுக்கு மட்டும் திறந்து வையுங்கள். லாக் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

கொங்குத்தம்பி
25 ஜூலை, இரவு 8.30

புது வெப் சர்வர்கள் இரண்டும் தயார்ங்க. கன்டென்ட் டேட்டாபேஸ் மவுன்ட் ஆகிவிட்டது, விசார்ட் ஓடியாயிற்று, வெப்.கான்ஃபிக்கில் கீ வேறு என்பதைக் கண்ணால் பார்த்தேன். ஜூலை 7 வரை பின்னால் போய் லாக் பார்த்ததில் 18-ஆம் தேதி வந்தவனைத் தவிர வேறு யாரும் இல்லை. குரூப் பாலிசியும் ஷெட்யூல்டு டாஸ்க்கும் சுத்தம். செர்ட்-இன்னுக்கு இரண்டாவது அறிக்கையும் போய்விட்டது. டிராயிங் கொடுக்கும் அந்த வாடிக்கையாளருக்கும் எம்டியே போன் செய்து நடந்ததைச் சொல்லிவிட்டார். கோபப்படுவார் என்று பயந்தோம், முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி என்றாராம்.

சப்ளையர்கள் இனி விபிஎன் வழியாகத்தான் வருவார்கள். சின்ன சப்ளையர்கள் சிலருக்கு அது சிரமம், ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறோம். 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2026 ஜூலை 14-ல் முடிகிறது என்பதால் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு மாறும் பட்ஜெட்டையும் அதே கூட்டத்தில் வாங்கிவிட்டேன்.

பழைய சர்வர்களின் இமேஜை எவ்வளவு நாள் வைத்திருக்கட்டும்?

தாமிரபரணி
25 ஜூலை, இரவு 8.50

விசாரணை முடிந்தது என்று எழுத்தில் வரும்வரை வையுங்கள், குறைந்தது அந்த 180 நாள். நெட்வொர்க்கில் இணைக்காத டிஸ்க்கில், ஹாஷ் (இமேஜ் மாறவில்லை என்று காட்டும் கைரேகை எண்) எடுத்து நோட்டில் எழுதி வையுங்கள். யாராவது 'பழைய சர்வர் வேகமாக இருந்ததே' என்று அதைத் திரும்ப ஓட்டிவிடாமல் பெயரிலேயே 'இணைக்காதே' என்று எழுதுங்கள். நன்றாகச் செய்தீர்கள் தம்பி.

வடமராட்சி
25 ஜூலை, இரவு 9.35

கண்டித் தளத்திலயும் கீ மாத்தியாச்சு. ஜூலை 7 வரைக்கும் பாத்தன், சுத்தம். அங்க ஒரு வெப் சர்வர் அணைஞ்சு கிடந்தது, அதைப் போட்டுப் பாத்தால் பழைய கீயோடதான் எழும்பிச்சு. அதுக்கும் அப்டேட்-எஸ்பிமெஷின்கீ ஓட்டி ஐஐஎஸ்ரீசெட் செய்தன். டிஆர் வச்சிருக்கிற ஆக்கள் அணைஞ்சு கிடக்கிற சர்வரையும் ஒருக்கா எழுப்பிப் பாருங்கோ.